பாதிப்பாறை

"மேடம், நீங்க வந்த பதினோரு வாரமா நம்ம குழுவுல ஒருத்தர்கூட உச்சியைப் பார்க்கலைங்க. வண்டியை அவுட்டர்லயே நிறுத்தி வெச்சிருக்கீங்க."

இதுதான் சார் அவர் சொன்னது. அப்படியே சொல்றேன், ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை. புதன்கிழமை சாயந்திரம், நான் தோசைக்கல்லை அடுப்புல போட்ட நேரம் பார்த்து போன் பண்ணிச் சொன்னார். நான் சும்மா விடுவேனா. "நான் யார் காலையும் கட்டிப்போடலை சார், சோறுதான் போட்டேன்"னு சொன்னேன். "அதைத்தாங்க மேடம் நானும் சொல்றேன்"ங்கிறார்.

உட்காருங்க, உட்காருங்க. நிழல் இந்தப் பக்கம்தான். அங்கே உட்கார்ந்தா எட்டு மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பிச்சிடும். என்ன இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு? பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், ரெண்டு கையிலயும் ரெண்டு குச்சியை வெச்சுக்கிட்டு யாரோ துரத்துற மாதிரி வர்றீங்க. மெட்ராஸா? நினைச்சேன். மலை எங்கேயும் ஓடிப்போகாது சார். பேசிக்கிட்டே ஏறணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். எங்க குழுவுல டாக்டர் புனிதவதின்னு ஒருத்தங்க இருக்காங்க, தோல் டாக்டர், அவங்க சொன்னது. அந்தக் கணக்குப்படி பார்த்தா எங்க குழுவிலேயே சரியான வேகத்துல ஏறுறது நான் ஒருத்திதான்.

தண்ணியை அப்படி மடமடன்னு குடிக்காதீங்க. வாயை நனைச்சு நனைச்சுக் குடிக்கணும். இல்லைன்னா வயித்துல தண்ணி குலுங்கிக்கிட்டே வரும். நான் முதல் வாரம் ஒன்றரை லிட்டர் ஒரே மூச்சுல குடிச்சேன். நடக்க நடக்க நானே ஒரு குடம் மாதிரி சத்தம் போட்டேன்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், மாசிலாமணி சார். அவர்தான் எங்க குழுவுக்குத் தலைவர். ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆனவர். உத்தியோகம் போச்சு, விசில் போகலை. ஞாயித்துக்கிழமை காலையில அடிவாரத்துல வேன் வந்து நின்ன உடனே விசில். ஊதினா கிளம்பணும். வழியில அந்தப் புளியமரத்தடி பார்த்தீங்களே, அங்கே ரெண்டு நிமிஷம். இந்தப் பாறையில அஞ்சு நிமிஷம். அப்புறம் நேரா உச்சி. இதுக்குப் பாதிப்பாறைன்னே பேரு. அங்கே இருந்து பாதி, இங்கே இருந்து பாதி. ஆனா மேல இருக்கிற பாதி வேற மாதிரி. அதோ தெரியுது பாருங்க படி, பாறையிலேயே வெட்டினது. அறுபத்திரண்டு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் இரும்புக் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது. சேலம்தான் தெரியும், பொம்மை மாதிரி. படி ஆரம்பிக்கிற இடத்துல முதல் கம்பித்தூண்ல ஒரு துண்டுக் கம்பி வளைஞ்சு நீட்டிக்கிட்டு இருக்கு, போற வர்றவங்க துணியெல்லாம் பிடிச்சு இழுக்கும். என் நீலத் துப்பட்டா ஒண்ணு அதுலதான் கிழிஞ்சது. சும்மா கிட்டே போய்ப் பார்த்ததுக்கே.

நான் இன்னும் போகலை. போவேன்.

மேலே கோயிலெல்லாம் இல்லை. ரெண்டு கல்தூண், நடுவுல ஒரு மணி. அதனாலதான் இந்தக் கரட்டுக்கே மணிக்கரடுன்னு பேரு. எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. புதுசா வர்றவங்க முதல் தடவை உச்சிக்குப் போனா அந்த மணியை ஒரு தடவை அடிக்கணும். ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஏறினாலும் அதைத் தொடக்கூடாது. தை மாசம் பெரிய மலைக்குப் போறாங்க, ரெண்டு நாள், கூடாரம் போட்டுத் தங்கல். மணி அடிச்சவங்க பேரை மட்டும்தான் அந்த லிஸ்ட்ல சேர்ப்பேன்னு மாசிலாமணி சார் சொல்லிட்டார். லிஸ்ட் இன்னைக்கு முடியுது. அவர் மேல இருந்து இறங்கி வரும்போது நோட்டை மூடிடுவார். எனக்கு ஒண்ணும் அந்த ஆசையெல்லாம் கிடையாது. கூடாரத்துல படுக்கிற பை ஒண்ணு வாங்கிட்டேன், அவ்வளவுதான். ஊதா கலர்.

இன்னைக்கு என்ன பண்ணினார் தெரியுமா? பாறை வந்தது. நான் வழக்கம்போல முன்னாடியே வந்து... முன்னாடின்னா, எனக்காக எல்லாரும் நின்னு நின்னுதான் வந்தாங்க, ஆனா இந்தக் கடைசி வளைவுல நான் விறுவிறுன்னு முந்திடுவேன். துண்டை விரிச்சு, சாப்பாட்டுப் போசி மூடியைத் திறந்து, கரண்டியைக் கையில எடுத்துட்டேன். விசில் கேட்குது. "இன்னைக்கு நான்-ஸ்டாப்"புன்னு கத்தறார். பதினாலு பேர் சார். பதினாலு பேரும் என்னைத் தாண்டி வரிசையாப் போறாங்க, பள்ளிக்கூடத்துல பிரேயருக்குப் போற மாதிரி, வலது பக்கமா, பேசாம. ஒரு ஆள் திரும்பலை. கண்ணாடிக்கடை இலாஹி பாய் மட்டும் போசியைப் பார்த்தார். பார்த்துட்டு ஆகாயத்தைப் பார்த்தார். அந்த மனுஷன் அழுதிருப்பார், பக்கத்துல ஆள் இருந்ததால அழலை.

மாசிலாமணி சார் கடைசியா வந்தார். நின்னார். "போசியை இங்கேயே வெச்சுட்டு வாங்க மேடம். நான் உங்க பின்னாடியே வர்றேன். கார்டு எப்பவும் கடைசிப் பெட்டியிலதாங்க"ன்னார்.

"நான் என்ன கூட்ஸ் வண்டியா, நீங்க பின்னாடி கொடி பிடிச்சுக்கிட்டு வர்றதுக்கு?"ன்னு கேட்டேன்.

விசிலை வாயில வெச்சுக்கிட்டு மேல போயிட்டார். பார்த்தீங்களா, உதவி பண்ணணும்னு மனசு இருந்தா இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டாரா?

சாப்பிடுங்க. தயங்காதீங்க, பதினஞ்சு பேருக்குக் கொண்டு வந்தது, நீங்க ஒருத்தர் சாப்பிட்டா குறைஞ்சுடாது. வெண்பொங்கல். முந்திரி மேல மிதக்கிறதைப் பார்த்துப் பயப்படாதீங்க, கீழேயும் இருக்கு. இந்தாங்க கொத்சு. கத்திரிக்காயைச் சுட்டுப் பண்ணினது. நாலரை மணிக்கு எழுந்து பண்ணினேன். நெய் எங்க ஓமலூர்ப் பக்கம் ஒருத்தங்க வீட்டுல இருந்து வருது. எப்படி இருக்கு? வாயில வெச்சுக்கிட்டே தலையாட்டாதீங்க, முழுங்கிட்டுச் சொல்லுங்க.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, நான் சேரும்போது இவங்க ஆறே பேர்தான். இந்தப் பாறையில உட்கார்ந்து ஆளுக்கு ரெண்டு பிஸ்கட். அதுவும் எண்ணி. டாக்டரம்மா ஊற வெச்ச பாதாம் நாலு கொண்டு வருவாங்க, பூனைக்குட்டி மாதிரி மென்னுக்கிட்டு இருப்பாங்க. பார்க்கவே பாவமா இருந்தது. வளர்ந்த மனுஷங்க, விடியக்காலையில வந்து, இவ்வளவு தூரம் ஏறி, பிஸ்கட்டா? ரெண்டாவது வாரம் நான் இட்லி கொண்டு வந்தேன். மிளகாய்ப்பொடி தடவி. அஞ்சு நிமிஷ ஸ்டாப் இருபது நிமிஷம் ஆச்சு. மூணாவது வாரம் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நாற்பது நிமிஷம். நாலாவது வாரம் இதே பொங்கல். மாசிலாமணி சாரே பெல்ட்டுல ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கிட்டு, விசிலைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு, அதோ அந்த மூலையில சாய்ஞ்சு அரைமணி நேரம் தூங்கினார். வெண்பொங்கல் சாப்பிட்டுட்டு மலையேறின ஆள் உலகத்துல யாரும் கிடையாது சார். ஏழரை ஆயிடுச்சு, வெயில் வந்துடுச்சு, சரி அடுத்த வாரம் பார்க்கலாம்னு இறங்கிட்டோம்.

அப்புறம் செய்தி பரவிடுச்சு. குழு வாட்ஸப்புல வெள்ளிக்கிழமையே கேட்பாங்க, "இந்த வாரம் என்ன மேடம்"னு. புதுசா எட்டுப் பேர் சேர்ந்தாங்க. அதுல ஒருத்தர் ஷூவே இல்லாம வந்தார், கையில ஒரு பெட்ஷீட். யோசிச்சுப் பாருங்க, ஆறு பேர் இருந்த குழுவைப் பதினாலாக்கினது யாரு? அதுக்குக் கிடைச்ச மரியாதை, "அவுட்டர்ல நிறுத்திட்டீங்க".

இன்னும் ஒரு கரண்டி. வேண்டாம்னு சொல்லாதீங்க, இதை நான் திரும்பக் கீழே தூக்கிக்கிட்டுப் போக முடியாது. ஏறுறதைவிட இறங்குறதுதான் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, உங்க ஷூவைப் பார்த்தாலே தெரியுது. கால் அளவுக்குக் கச்சிதமா வாங்கியிருக்கீங்க. நானும் அப்படித்தான், கடைக்காரர் "ஒரு அளவு பெருசா எடுங்க மேடம்"னு சொன்னார். எனக்கே சொல்றியான்னு கச்சிதமா வாங்கினேன். எங்க கான்வென்ட்ல ஷூ கொஞ்சம் தளர்வா இருந்தாலே சிஸ்டர் பெனடிக்டா முட்டியில ஸ்கேலால தட்டுவாங்க. அந்தப் பழக்கம். இறங்கும்போது விரலெல்லாம் முன்னாடி போய் இடிச்சு, ரெண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, "நெயில் பாலிஷ் நல்லா இருக்கு"ன்னார்.

அவிழ்த்துடுங்க அந்த ஷூவை. காத்தாட இருக்கட்டும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

ஷூ, தண்ணி, வேகம், எல்லாம் கத்துக்கிட்டேன். குரங்கைக்கூடச் சமாளிப்பேன். பிளாஸ்டிக் கவர் சரசரன்னு சத்தம் போட்டா வந்துடும், அதனால மூடி இறுக்கின எவர்சில்வர் தூக்குப்போசிதான். ஒரு கடுவன் இந்தப் போசியைத் திறக்க முக்கால்மணி நேரம் போராடிட்டு, தலையில அடிச்சுக்கிட்டுப் போச்சு. கனம் மட்டும்தான் பிரச்சினை. போசியோட சேர்த்து எட்டு கிலோ. "மலைக்கு வர்றவங்க பையில எதை எடுத்துட்டு வர்றதுன்னு யோசிக்கக் கூடாது மேடம், எதை விட்டுட்டு வர்றதுன்னு யோசிக்கணும்"னு மாசிலாமணி சார் சொல்வார். இதையும் ஒரு வாரம் சொன்னார், கையில வடையை வெச்சுக்கிட்டு.

இருங்க.

கேட்டீங்களா? மணி. மேல போயிட்டாங்க. புதுசா வந்த எட்டுப் பேரும் இன்னைக்கு அடிப்பாங்க. இது முதல் ஆள். யாரோ பயந்து பயந்து அடிக்கிறாங்க, அந்தப் பெட்ஷீட்காரரா இருக்கும்.

ஆனா சார், சத்தத்தைக் கவனிச்சீங்களா? டொக்குனு ஒரு சத்தம். உடைஞ்ச தட்டு மாதிரி. அது விரிசல் விட்ட மணி சார்.

எனக்கு இது இப்பத்தான் தெரியும். பதினோரு வாரமா யாரும் அடிக்கலையே, எப்படித் தெரியும்?

சரி, நீங்க யாரோ, நான் யாரோ, இறங்கிப் போனப்புறம் பார்க்கப்போறதில்லை. சொல்லிடறேன். முதல் ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்குப் போன உடனே எங்க வீட்டுக்காரர், தனசேகரன்னு பேரு, மின்வாரியத்துல இருக்கார், பேப்பரை மடிக்காமலே கேட்டார். "எவ்வளவு தூரம் போனே?" கேட்ட விதம் பிடிக்கலை. எங்க வீட்டுல ஒரு பாதி ஸ்வெட்டர் இருக்கு சார், ஒரு கை இல்லை. சேலத்து வெயிலுக்கு ரெண்டாவது கை எதுக்குன்னு நான்தான் விட்டேன். கீபோர்டு ஒண்ணு இருக்கு, ஜெர்மன் பாடப்புத்தகம் ஒண்ணு இருக்கு, ஏழாவது பாடம்வரைக்கும் அடிக்கோடு போட்டிருக்கும். அவர் இதையெல்லாம் ஒரு நாளும் சொல்லிக் காட்டினது கிடையாது. "எவ்வளவு தூரம்"னு மட்டும்தான் கேட்பார். அதான் எரிச்சல். "உச்சிக்கே போனேன். மணி அடிச்சேன்"னு சொல்லிட்டேன்.

"அப்படியா, சத்தம் எப்படி இருந்தது?"ன்னார்.

"கணீர்னு இருந்தது. சர்ச் மணி மாதிரி"ன்னேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பேப்பரைத் திருப்பிக்கிட்டார். பதினோரு வாரமா அந்தப் பேச்சையே எடுக்கலை. நானும் நம்பிட்டார்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் காலேஜ் படிக்கிறப்போ பசங்களோட இங்கே வந்திருக்கார்னு போன மாசம்தான் தெரிஞ்சது. அப்பக்கூட எனக்கு உறைக்கலை. இப்போ இந்த டொக்கைக் கேட்டப்புறம்தான் உறைக்குது.

தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்திருக்கார் சார், பதினோரு வாரம். எப்பேர்ப்பட்ட அழுத்தக்கார மனுஷன் பாருங்க. நானா இருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன்.

ரெண்டாவது மணி. இது நல்லாப் பலமா. மூணு. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வருவாங்க, அவங்க. எதையும் ஒருத்தர் விட்டு ஒருத்தர் செய்ய மாட்டாங்க.

கொட்டாவி விடுறீங்களே. படுத்துக்கங்க, பரவாயில்லை, பையைத் தலைக்கு வெச்சுக்கங்க. துண்டை முகத்துல போட்டுக்கங்க, வெயில் இந்தப் பக்கம் திரும்புது. படுத்துக்கிட்டே கேளுங்க. நான் பேசுறதைக் கேட்கிறதுக்குக் கண்ணு எதுக்கு. ம் கொட்டினா போதும்.

அந்தப் படிக்கு ஏன் போகலைன்னுதானே கேட்கப் பார்க்கிறீங்க? பயம்னு நினைச்சுடாதீங்க. முதல் வாரம் ஷூ. கச்சிதமா இருந்து ஏறும்போதே கடிச்சுது, எனக்காக எல்லாரும் இறங்கிட்டாங்க. ரெண்டாவது வாரம் இட்லி, பரிமாறணும். மூணாவது வாரம் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறதுக்கே வெயில் வந்துடுச்சு. நாலாவது வாரம் தூங்கிட்டாங்க. அஞ்சாவது வாரம் சாப்பாடே வேண்டாம், வெறுங்கையோட போகலாம்னு மாசிலாமணி சார் சொன்னார். நான் கேட்டுக்கிட்டேன். எனக்கு என்ன, நல்லதாப்போச்சு. ஆனா சனிக்கிழமை ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. படியாத் தெரியுது. எழுந்து உளுந்து ஊறப்போட்டேன். உளுந்து ஊறுற சத்தம்கூட எனக்குக் கேட்கும்போல இருந்தது, ஆனா அப்புறம் நல்ல தூக்கம். மறுநாள் மெதுவடை. ஒரு ஆள் படிப்பக்கம் போகலை.

இப்போ சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. நான் வேணும்னு செய்யலை சார். உளுந்து வீட்டுல நிறைய இருந்தது.

நாலு. அஞ்சு.

படின்னா எனக்கு எட்டாங்கிளாஸ்ல இருந்தே ஆகாது. எங்க ஸ்கூல் சேப்பல்ல பாட்டுப் பாடுறவங்க மேல மாடத்துல நிக்கணும். அதுக்கு ஒரு சுத்துப்படி, மரத்துல, ஒரே இருட்டு, படிக்கும் படிக்கும் நடுவுல கீழே தெரியும். என் குரல் நல்லா இருக்குன்னு பாட்டுல சேர்த்துட்டாங்க. அஞ்சாவது படியில நின்னவ நின்னவதான். மேலேயும் போகலை, கீழேயும் வரலை. பின்னாடி இருபது பேர் நிக்கறாங்க. என் பெஞ்சுல உட்கார்றவ ஃபிலோமினான்னு ஒருத்தி, அவ என் பின்னாடி வந்து, "நான் உன் சடை நுனியைப் பிடிச்சுக்கிறேன்டி, நீ திரும்பிப் பார்க்காம ஏறு"ன்னா. சடையைப் பிடிச்சா விழுற ஆளை நிறுத்த முடியுமா? முடியாது. ஆனா ஏறிட்டேன். வருஷம் முழுக்க அப்படித்தான் ஏறினேன். கிறிஸ்துமஸுக்குத் தனியாப் பாடினேன்.

அவ கல்யாணத்துல வெச்சு சிரிச்சுக்கிட்டே சொல்றா, "மூணாவது படியிலேயே விட்டுடுவேன்டி, எனக்கே பயம், கைப்பிடியைப் பிடிச்சுக்குவேன்"னு. தினமும் விட்டிருக்கா சார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எவ்வளவு பெரிய துரோகம்? நான் அவளை நம்பி ஏறியிருக்கேன், அவ பிடிக்கவே இல்லை. அன்னைக்கெல்லாம் நான் விழுந்திருந்தா? ரெண்டு வருஷம் அவகூடப் பேசலை. பிரியாணிகூடப் பாதியில வெச்சுட்டு எழுந்து வந்தேன்.

ஆறு. இதுதான் இலாஹி பாய். அவர் ஏற்கெனவே அடிச்ச ஆளாச்சே... இல்லை, அது அவர் மச்சான், போன மாசம் சேர்ந்தவர். ஏழு.

இன்னும் ஒண்ணு. அப்புறம் மேல அரைமணி நேரம் உட்கார்ந்து பாதாம் சாப்பிட்டுட்டு இறங்கிடுவாங்க. லிஸ்ட்ல பதினாலு பேரும் இருப்பாங்க. என் பொங்கலுக்காக வந்த எட்டுப் பேரும் இருப்பாங்க. பெட்ஷீட்காரர் இருப்பார். நான் இருக்க மாட்டேன். மத்தியானம் வீட்டுக்குப் போனா அவர் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். "எவ்வளவு தூரம்"னு இப்பல்லாம் கேட்கிறதுகூட இல்லை சார். அதுதான். கேட்டாக்கூடப் பரவாயில்லை.

எட்டு.

முடிஞ்சுது.

சார், ஒண்ணு கேட்கவா? நீங்க எப்படியும் மேலதானே போகப்போறீங்க. போசியை இங்கேயே வெச்சுடறேன். மூடியை இறுக்கியாச்சு, அந்தக் கடுவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பாருங்க, பை எவ்வளவு லேசாயிடுச்சு. இந்தப் பையில பின்னாடி ஒரு வார் தொங்குது. அது எதுக்குன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியலை, எதுக்கோ வெச்சிருக்கான். நீங்க அதோட நுனியைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாடி வந்தாப் போதும். இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம். என் மேல கையே பட வேண்டாம். நுனியை மட்டும்.

மாசிலாமணி சார்கிட்ட இதைக் கேட்டிருக்கலாமேன்னு நினைப்பீங்க. தெரிஞ்சவங்ககிட்ட எப்படிக் கேட்கிறது?

நான் இப்படியே படிப்பக்கம் திரும்பி நின்னுக்கிறேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். திரும்பினா கம்பிக்கு அந்தப் பக்கம் கண்ணு போயிடும், அப்புறம் உங்களுக்கும் பொங்கல்தான், எனக்கும் பொங்கல்தான். அவசரமில்லை, ஷூவை மாட்டிக்கிட்டு வாங்க. நாடாவை ரெட்டை முடிச்சாப் போடுங்க.

கீழே ஏதோ லாரி ஏத்தம் ஏறுது போல. உர்ர்னு சத்தம். இந்தப் பக்கம் ரோடே இல்லையே.

முதல் படி. கம்பி சில்லுன்னு இருக்கு.

ஆங். பிடிச்சுட்டீங்க. தெரியுது, வார் இழுக்குது. கொஞ்சம் விடுங்க, இவ்வளவு இறுக்கமா வேண்டாம். ஆ, இப்போ சரி. கரெக்டாப் பிடிச்சிருக்கீங்க. இதே மாதிரி வாங்க.

ரெண்டு. மூணு.

ஃபிலோ மாதிரி மூணாவது படியில விட்டுடாதீங்க. நான் ஒரு தடவை ஏமாந்தவ. நாலு. அஞ்சு. பேச வேண்டாம், நீங்க பேசினா எனக்குக் கவனம் சிதறும். நானே பேசிக்கிறேன். ஆறு. ஏழு. சொன்னேனே, பேசிக்கிட்டே ஏறினா மூச்சு வாங்காது. எட்டு. அந்த லாரி இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. இப்போ தூரமாக் கேட்குது. ஒன்பது.

நீங்க நல்ல மனுஷன் சார். வந்ததுல இருந்து ஒரு வார்த்தை குறுக்கே பேசலை. பத்து. எங்க வீட்டுக்காரரும் பேச மாட்டார், ஆனா அது வேற மாதிரி. பதினொண்ணு. இன்னைக்குப் போய் அவர்கிட்ட டொக்குன்னு இருந்ததுன்னு சொல்வேன். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேப்பரை மடிக்கிறாரா இல்லையான்னு பார்க்கிறேன். பன்னெண்டு. பதிமூணு. காத்து அடிக்குது சார் இங்கே. துப்பட்டாவை இடுப்புல கட்டியிருக்கணும், அதை மறந்துட்டேன், அதையும் உங்களுக்கு ஒரு பாடமா வெச்சுக்கங்க. பதினாலு. பதினஞ்சு.

வார் இழுக்கிற மாதிரியே தெரியலை. அவ்வளவு லேசாப் பிடிச்சிருக்கீங்க. நல்ல கை உங்களுக்கு.

பதினாறு. பதினேழு.

பதினெட்டு.

சார், நான் பேச வேண்டாம்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. இருக்கேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க.